டிராகனின் காவல்காரக் குதிரை

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களை எடுப்பவர் எப்போதும் ஒரு நகர்வு பின்தங்கியே ஆட்டத்தைத் தொடங்குகிறார். அந்தக் கடனை அடைக்க அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. எதிராளி மையத்தில் சிப்பாயை வைத்தால் தானும் அதற்கு நேரெதிரே ஒரு சிப்பாயை வைத்து, பொறுமையாகச் சமநிலையை எட்டுவது ஒரு வழி. பலகையின் இரு பாதிகளும் ஒன்றுபோல இல்லாதபடி தொடக்கத்திலேயே ஆட்டத்தின் உருவத்தை மாற்றிவிட்டு, எதிராளி ஒரு பக்கம் தாக்கும்போது தான் மறுபக்கம் தாக்குவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் நடப்பவர்கள் கையில் எடுக்கும் தொடக்கங்களுள் மிகக் கூர்மையான ஒன்று, சிசிலியன் டிஃபென்ஸின் ஒரு பிரிவான டிராகன். கூர்மையானது என்று இங்கே சொல்வதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. சாதாரணமான தொடக்கங்களில் ஒரு தவறான நகர்வு செய்தால் நிலை சற்று மோசமாகும், பிறகு சரிசெய்துகொள்ளலாம். டிராகனில் ஒரு தவறான நகர்வுக்குப் பின் ஐந்தாறு நகர்வுகளில் ராஜாவே போய்விடக்கூடும்.

புதிதாக இதைக் கற்பவர்கள் எல்லோரும் ஜி7 கட்டத்தில் நிற்கும் கறுப்பு மந்திரியையே பார்க்கிறார்கள். டிராகனின் புகழுக்கு அந்த மந்திரிதான் காரணம் என்பது உண்மை. ஆயினும் ராஜாவின் வாசலில் காவல் நிற்பது அதற்கு முன்னே, எஃப்6 கட்டத்தில் நிற்கும் குதிரை என்பது என் கருத்து. அந்தக் குதிரையைப் பின்தொடர்ந்தே இந்தத் தொடக்கத்தைப் புரிந்துகொள்ளலாம் என்பதால், அதையே நூலாகப் பிடித்துக்கொண்டு, 1974-இல் அனடோலி கார்போவும் விக்டர் கோர்ச்னாயும் ஆடிய ஓர் ஆட்டத்தை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் கட்டங்களின் பெயர்கள். வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்றும், வெள்ளைக்கு அருகிலிருந்து கிடைவரிசைகளை 1 முதல் 8 வரையும் எண்ணுகிறோம். வெள்ளை ராஜா தொடக்கத்தில் நிற்பது இ1, கறுப்பு ராஜா நிற்பது இ8. ஒரு பலகையை எதிரே வைத்துக்கொண்டு, சொல்லும் காய்களை நகர்த்தியபடியே படிப்பது நல்லது. கண்ணால் மட்டும் படித்தால் ஆட்டத்தின் நடுப்பகுதியில் வழி தவறிவிடும்.

வெள்ளை தன் முதல் நகர்வாகச் சிப்பாயை இ4-க்குத் தள்ளுகிறார். கறுப்பு அதற்கு சி5 என்று பதில் சொல்கிறார், அதாவது சி நெடுவரிசைச் சிப்பாயை இரண்டு கட்டங்கள் முன்னே வைக்கிறார். இதுதான் சிசிலியன் டிஃபென்ஸ். மையத்தில் தானும் சிப்பாயை நிறுத்தாமல், மையத்திலுள்ள டி4 கட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து குறிவைப்பதே இதன் நோக்கம். வெள்ளை குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவர, கறுப்பு டி6 ஆடுகிறார். வெள்ளை டி4 என்று தள்ள, கறுப்பு தன் சி சிப்பாயால் அதை வெட்டுகிறார், வெள்ளை தன் குதிரையால் திருப்பி வெட்டுகிறார். இந்தக் கொடுக்கல் வாங்கலை நிதானமாகக் கவனிக்க வேண்டும். கறுப்பு கொடுத்தது ஓரமாக இருந்த சி சிப்பாய், வாங்கியது மையத்து டி சிப்பாய். கறுப்புக்கு மையத்தில் டி, இ என்ற இரண்டு சிப்பாய்களும் மிஞ்சுகின்றன. கூடவே சி நெடுவரிசை அவருடைய பக்கத்தில் திறந்துவிடுகிறது, அங்கே யானையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது நேராக வெள்ளையின் சி2 வரை பார்க்கும். பதிலுக்கு வெள்ளைக்குக் கிடைப்பது இடமும் வேகமும். அவருடைய காய்கள் விரைவாக வெளியே வருகின்றன.

நான்காவது நகர்வில் கறுப்பு தன் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறார். நாம் பின்தொடரப்போகும் குதிரை இதுதான். வந்தவுடனேயே அது இ4 சிப்பாயைத் தாக்குவதால், வெள்ளை தன் மற்றொரு குதிரையை சி3-இல் வைத்து அதைக் காக்கிறார். பிறகுதான் கறுப்பு ஜி6 என்று ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, ஜி7-இல் மந்திரிக்கு இடம் ஒழிக்கிறார். ஏ1-இலிருந்து ஹெச்8 வரை செல்லும் நீண்ட மூலைவிட்டம் அந்த மந்திரியின் கையில் வருகிறது. அதன் பார்வை டி4, சி3, பி2 ஆகிய கட்டங்களின் மேல் விழுகிறது.

டி6, இ7, எஃப்7, ஜி6, ஹெச்7 என்று கறுப்பின் சிப்பாய்கள் வளைந்து நெளிந்து நிற்கும் கோடு, வானத்திலுள்ள டிராகோ விண்மீன் கூட்டத்தை நினைவூட்டியதால், ஃபியோடர் டுஸ்-கோட்டிமிர்ஸ்கி என்ற ரஷ்ய ஆட்டக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டியதாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு வானியலிலும் ஈடுபாடு இருந்தது.

வெள்ளை இதற்கு எதிராக அமைதியாகவும் ஆடலாம். மந்திரியை இ2-இல் வைத்து, ராஜாவையும் கறுப்பைப் போலவே வலப்பக்கம் கேஸ்லிங் செய்து (ராஜாவை யானையின் பக்கம் இரண்டு கட்டங்கள் நகர்த்தி, அந்த யானையை ராஜாவின் மறுபக்கத்தில் வைப்பது கேஸ்லிங்), நீண்ட ஆட்டத்துக்குத் தயாராகலாம். அந்த வழி இங்கே நமக்கு வேண்டியதில்லை. கூர்மையான வழிக்கு யூகோஸ்லாவ் தாக்குதல் என்று பெயர். அதில் வெள்ளை மந்திரியை இ3-இலும், சிப்பாயை எஃப்3-இலும், ராணியை டி2-இலும் வைத்து, ராஜாவை இடப்பக்கம், அதாவது சி1 கட்டத்துக்குக் கேஸ்லிங் செய்கிறார். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எஃப்3 சிப்பாய் மேலோட்டமாகப் பார்த்தால் சோம்பலான நகர்வு போலத் தோன்றும். அது இ4-ஐக் காக்கிறது, கறுப்புக் குதிரை ஜி4-க்குத் தாவி இ3 மந்திரியைத் துரத்தாமல் தடுக்கிறது, பின்னால் ஜி4 என்று சிப்பாயைத் தள்ளவும் துணையாக நிற்கிறது. ராணியும் மந்திரியும் ஒரே மூலைவிட்டத்தில் வரிசையாக நிற்பது, ஹெச்6-இல் மந்திரியை நுழைத்துக் கறுப்பின் ஜி7 மந்திரியை வெட்டி அகற்றுவதற்காக. மற்றொரு மந்திரி சி4-க்கு வந்து, கறுப்பு டி5 என்று மையத்தை உடைக்க முடியாதபடி செய்துவிட்டு, பிறகு பி3-இல் பாதுகாப்பாக ஒதுங்கும்.

இதற்குப் பிறகு இரண்டு ராஜாக்களும் பலகையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கிறார்கள். கறுப்பு ராஜா ஜி8-இல், வெள்ளை ராஜா சி1-இல். ஒரே பக்கத்தில் இருவரும் இருந்தால், எதிரியைத் தாக்கச் சிப்பாய்களைத் தள்ளுபவர் தன் ராஜாவின் வேலியையும் சேர்த்தே பிரிக்க வேண்டியிருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும்போது அந்தத் தயக்கம் யாருக்கும் இல்லை. வெள்ளை தன் ஜி, ஹெச் சிப்பாய்களைக் கவலையில்லாமல் தள்ளுகிறார், கறுப்பு சி நெடுவரிசை வழியாகக் காய்களைக் குவிக்கிறார். ஆகவே ஆட்டம் ஒரு பந்தயமாகிவிடுகிறது. யாருடைய காய்கள் அதிகம் என்ற கணக்கு பின்னுக்குப் போய், யார் ஒரு நகர்வு முந்துகிறார் என்ற கணக்கு முன்னுக்கு வருகிறது. ஒரு சிப்பாயைக் கொடுத்து ஒரு நகர்வை மிச்சப்படுத்த முடியுமானால், இந்த ஆட்டத்தில் அது பெரும்பாலும் லாபமே.

கறுப்பின் பக்கத்து ஆயுதம் ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். சி நெடுவரிசையில் நிற்கும் தன் யானையைக் கொண்டு சி3-இலுள்ள குதிரையை வெட்டுவது டிராகனில் வழக்கம். மதிப்பில் பெரிய யானையைக் கொடுத்துச் சிறிய குதிரையை வாங்குவது நட்டமல்லவா என்று தோன்றலாம். வெள்ளை தன் பி2 சிப்பாயால் அந்த யானையை வெட்டியாக வேண்டிய நிலை இருந்தால், அவருடைய ராஜாவின் முன்னுள்ள வேலி உடைகிறது, இ4 சிப்பாய் தன் காவலர்களுள் ஒன்றை இழக்கிறது, ஜி7 மந்திரியின் பார்வைக்கு முன்னே கதவு திறக்கிறது. எனவே கறுப்பை எதிர்ப்பவர் எந்த நேரமும் சி3-இன் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இனி வெள்ளையின் பக்கம். கறுப்பு ராஜாவின் வேலியில் வெள்ளை தேடும் ஓட்டை ஹெச்7. வெள்ளை ராணி ஹெச்6-இலும், அதன் பின்னே யானை ஹெச்1-இலும் நின்றுவிட்டால், ராணி ஹெச்7-ஐ வெட்டி, கறுப்பு ராஜா எஃப்8-க்கு ஓடியதும் ஹெச்8-இல் செக்மேட் சொல்லிவிடும். இ7-இலும் எஃப்7-இலும் சொந்தச் சிப்பாய்களே நின்று வழியை அடைப்பதால், ராஜாவுக்குத் தப்பிக்க இடமில்லை. இந்த எளிய செக்மேட்டை ஒவ்வொரு நகர்விலும் தடுத்துக்கொண்டிருப்பது யார்? எஃப்6 குதிரை. அது ஹெச்7-ஐக் காக்கிறது. அத்துடன் ஹெச்5, ஜி4, டி5 ஆகிய கட்டங்களையும் கண்காணிக்கிறது. வெள்ளை டி5-க்குத் தன் குதிரையைக் கொண்டுவந்தாலோ, ஹெச்5-இல் சிப்பாயை வைத்தாலோ எஃப்6 குதிரை அதை வெட்ட முடியும். ஆனால் வெட்டப் போனால் ஹெச்7 காவலில்லாமல் போய்விடும். இந்த இக்கட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் ஆட்டத்தில் மாயம் என்று எதுவும் இராது.

1974 செப்டம்பரில் மாஸ்கோவில் கேண்டிடேட்ஸ் இறுதிச் சுற்று தொடங்கியது. அதில் வெல்பவர், அன்றைய உலக சாம்பியன் பாபி ஃபிஷருக்குச் சவால் விடும் உரிமையைப் பெறுவார். கார்போவுக்கு வயது 23, கோர்ச்னாய்க்கு 43. மொத்தம் 24 ஆட்டங்கள். கார்போவ் மூன்று ஆட்டங்களில் வென்றார், கோர்ச்னாய் இரண்டில் வென்றார், மீதி 19 ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. மறு ஆண்டு ஃபிஷர் பட்டத்துக்காக ஆட வரவில்லையாதலால், உலக சாம்பியன் யார் என்பதை இந்தச் சுற்றே தீர்மானித்ததாக ஆயிற்று. இவ்வளவு இழுபறியான சுற்றில் ஒரே ஒரு வெற்றிக்கு இருந்த எடையை எண்ணிப்பார்க்கலாம். கார்போவின் மூன்று வெற்றிகளில் முதலாவது, இரண்டாம் ஆட்டத்தில் வந்தது. கறுப்புக் காய்களுடன் ஆடிய கோர்ச்னாய் அன்று டிராகனைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் 11 நகர்வுகளில் நாம் மேலே பார்த்த அமைப்பே உருவானது. வெள்ளை மந்திரிகள் இ3-இலும் பி3-இலும், ராணி டி2-இல், ஹெச் சிப்பாய் ஏற்கெனவே ஹெச்4-இல். கறுப்பு ராஜா ஜி8-இல், யானை சி8-இல், மந்திரிகள் டி7-இலும் ஜி7-இலும், இரண்டாவது குதிரை இ5-இல். 12-ஆவது நகர்வில் கார்போவ் இடப்பக்கம் கேஸ்லிங் செய்தார். கோர்ச்னாய் இ5 குதிரையை சி4-க்குத் தாவவிட்டார், கார்போவ் அதைத் தன் மந்திரியால் வெட்ட, கறுப்பு யானை திருப்பி வெட்டி சி4-இல் வந்து நின்றது. சி நெடுவரிசை இப்போது முழுக்கக் கறுப்பின் பிடியில் இருப்பது போலத் தெரிந்தது.

கார்போவ் உடனே தன் ஹெச் சிப்பாயை ஹெச்5-க்குத் தள்ளினார். அதை அப்படியே விட்டால் ஜி6-ஐ வெட்டி நெடுவரிசையைத் திறந்துவிடும். கோர்ச்னாய் தன் எஃப்6 குதிரையால் அந்தச் சிப்பாயை வெட்டினார். 15-ஆவது நகர்வில் கார்போவ் ஜி4 என்று அடுத்த சிப்பாயால் குதிரையை விரட்ட, அது மீண்டும் எஃப்6-க்கே திரும்பியது. கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் நட்டம். பெற்றது என்னவென்றால், ஹெச் நெடுவரிசையில் தன் சொந்தச் சிப்பாய் மறைந்துபோனது, ஹெச்1 யானை இப்போது நேராக ஹெச்7-ஐப் பார்க்கிறது. குதிரை போய்விட்டுத் திரும்பி வந்ததில் கறுப்பு தன் தாக்குதலை ஓர் அடிகூட நகர்த்தவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு புதியவர் வெள்ளைக்கு ஆடினால் என்ன செய்வார்? ஹெச்6-இல் மந்திரியை நுழைக்கவோ, ஜி5 என்று குதிரையை மறுபடி விரட்டவோ கை துடிக்கும். கார்போவ் தன் டி4 குதிரையை இ2-க்குப் பின்வாங்கினார். இந்த ஆட்டம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நகர்வு இதுவே. மையத்தின் நடுவே அழகாக நின்ற குதிரையை, தாக்குதலின் உச்சத்தில், தன் காய்களுக்குப் பின்னால் இழுப்பதற்கு மிகுந்த தெளிவு வேண்டும். இ2-இலிருந்து அது சி3 குதிரைக்குத் துணை நிற்கிறது. இப்போது கறுப்பு யானை சி3-ஐ வெட்டினால், இ2 குதிரையே அதைத் திருப்பி வெட்டிவிடும். பி2 சிப்பாய் அசைய வேண்டியதில்லை, ராஜாவின் வேலி உடையாது. கறுப்பு வைத்திருந்த மிகப் பெரிய ஆயுதத்தின் கூர் ஒரே பின்வாங்கலில் மழுங்கிவிட்டது. அதே குதிரை அடுத்து எஃப்4 வழியாக ராஜாவின் பக்கம் போகவும் தயாராக இருக்கிறது.

கறுப்பு ராணி ஏ5-க்கு வந்தது. இப்போதுதான் கார்போவ் மந்திரியை ஹெச்6-இல் நுழைத்தார். மந்திரிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன, வெள்ளை ராணி ஹெச்6-இல் வந்து அமர்ந்தது. டிராகனின் புகழ்பெற்ற மந்திரி 17-ஆவது நகர்விலேயே பலகையை விட்டுப் போய்விட்டது. அதன் பிறகும் கறுப்பு ஒன்பது நகர்வுகள் தாக்குப்பிடித்ததற்கு எஃப்6 குதிரையே காரணம்.

கோர்ச்னாய் தன் இரண்டாவது யானையையும் சி8-க்குக் கொண்டுவந்து சி3-இன் மேல் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினார். கார்போவ் மீண்டும் ஓசையில்லாத ஒரு நகர்வு ஆடினார். டி1 யானையை டி3-க்கு உயர்த்தினார். சி3-ஐக் காக்கும் பொறுப்பை இப்போது யானை ஏற்றுக்கொண்டதால், இ2 குதிரை விடுதலை பெற்றது. வீட்டுக் காவலுக்கு வேறொருவரை அமர்த்திவிட்டுப் போருக்குப் புறப்படும் வீரனைப் போல, அது இனி எஃப்4-க்குப் போகலாம். கோர்ச்னாய் ஆபத்தை உணர்ந்து, சி4 யானையை சி5-க்கு இழுத்தார். ஐந்தாவது கிடைவரிசை முழுவதும் ராணியும் யானையும் சேர்ந்து காவல் காக்கும் என்பது அவருடைய எண்ணம்.

20-ஆவது நகர்வில் கார்போவ் சிப்பாயை ஜி5-க்குத் தள்ளி அதையும் கொடுத்தார். எஃப்6 குதிரை தாக்கப்படுகிறது. அது ஹெச்5-க்குப் போனால் வெள்ளைக் குதிரை எஃப்4-க்கு வந்து அதைத் தாக்கும். அப்போது கறுப்புக் குதிரை எஃப்4-ஐ வெட்டினால் ஹெச் நெடுவரிசை திறந்து, நாம் முன்பு பார்த்த செக்மேட் நடந்துவிடும். ஆகவே கோர்ச்னாய் தன் யானையால் ஜி5 சிப்பாயை வெட்டினார். இப்போது வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள் நட்டம்.

அடுத்து வந்தது டி3 யானை, டி5-க்கு. பலகையில் இதை வைத்துப் பார்த்தால், யாரோ கைதவறி வைத்த காயோ என்று தோன்றும். கறுப்பின் குதிரை அதை வெட்டலாம், யானையும் வெட்டலாம், ராணியும் வெட்டலாம். குதிரை வெட்டினால் ஹெச்7 காவலிழந்து இரண்டே நகர்வுகளில் செக்மேட். ராணி வெட்டினால், சி3 குதிரையோ இ4 சிப்பாயோ அந்த ராணியைப் பறித்துக்கொள்ளும். எதையும் செய்யாமல் விட்டால் வெள்ளை யானை ஜி5 யானையை வெட்டிவிடும். கோர்ச்னாய் தன் யானையால் டி5-ஐ வெட்டினார், வெள்ளையின் சி3 குதிரை திருப்பி வெட்டி டி5-இல் நின்றது. இந்தச் சிறு சண்டையின் விளைவாக, ஐந்தாவது கிடைவரிசையைக் காத்த யானை மறைந்தது, வெள்ளைக் குதிரையொன்று எஃப்6 குதிரையின் முகத்துக்கு எதிரே வந்து அமர்ந்தது.

அந்தக் குதிரையை எஃப்6 குதிரையால் இப்போதும் வெட்ட முடியாது, காரணம் அதே ஹெச்7. கோர்ச்னாய் யானையை இ8-க்குக் கொண்டுபோய் இ7-ஐப் பலப்படுத்தினார். வெள்ளை இப்போது அவசரப்பட்டு எஃப்6 குதிரையை வெட்டினால், கறுப்பு தன் இ7 சிப்பாயால் திருப்பி வெட்டும். அப்போது இ7 கட்டம் காலியாகி, ராஜா எஃப்8 வழியாக அங்கே தப்பி ஓடிவிடும். காவல்காரனை அகற்றினால் மட்டும் போதாது, எந்த நேரத்தில் அகற்றுகிறோம் என்பதும் முக்கியம் என்று இந்த இடம் காட்டுகிறது. கார்போவ் பொறுத்தார். இ2-இல் காத்திருந்த குதிரையை எஃப்4-க்குக் கொண்டுவந்து, டி5 குதிரைக்குத் துணையாக நிறுத்தினார். கோர்ச்னாய் தன் மந்திரியை சி6-க்கு நகர்த்தி டி5 குதிரையை வெட்டத் தயாரானார்.

24-ஆவது நகர்வாகக் கார்போவ் இ5 என்று சிப்பாயைத் தள்ளினார். இந்த நகர்வைப் புரிந்துகொள்ளக் கறுப்பு ராணியைப் பார்க்க வேண்டும். அது ஏ5-இல், பலகையின் மறுகோடியில் இருந்தாலும், ஐந்தாவது கிடைவரிசை வழியாக ஜி5, ஹெச்5 வரை ஓடிவந்து ராஜாவைக் காக்கக்கூடியது. இ5-இல் ஒரு சிப்பாய் நின்றால் அந்தச் சாலை அடைபட்டுவிடும். கறுப்பு டி6 சிப்பாயால் அதை வெட்டினாலும், வெட்டிய சிப்பாய் அதே இ5-இல் நின்று தன் ராணிக்கே தடையாகும். பிறகு வெள்ளை எஃப்6-ஐக் குதிரையால் வெட்ட, கறுப்பு இ7 சிப்பாயால் திருப்பி வெட்டும். எஃப்4 குதிரை ஹெச்5-க்குத் தாவி ஜி7-இல் செக்மேட் என்று அச்சுறுத்தும். அந்தக் குதிரையை ஜி6 சிப்பாய் வெட்டினால், ஜி1-க்கு வரும் யானை செக் சொல்லும், ராஜா ஹெச்8-க்கு நகர, ராணி ஜி7-இல் ஆட்டத்தை முடிக்கும். ராணி ஜி5-க்கு வந்து தடுக்கலாமே என்றால், இ5 சிப்பாய் குறுக்கே நிற்கிறது. எவ்வளவோ தொலைவில் நிற்கும் ஒரு ராணியைத் தொடாமலேயே ஒரு சிப்பாயால் செயலிழக்கச் செய்த அழகு இது.

கோர்ச்னாய் மந்திரியால் டி5 குதிரையை வெட்டினார். கார்போவ் அதைத் திருப்பி வெட்டாமல், இ5 சிப்பாயால் எஃப்6-ஐ வெட்டினார். தொடக்கத்திலிருந்து வாசலில் நின்ற காவல்காரன் 25-ஆவது நகர்வில் விழுந்தது. எஃப்6-க்கு வந்துவிட்ட சிப்பாயின் துணையோடு ராணி ஜி7-இல் செக்மேட் சொல்லக் காத்திருக்கிறது. கறுப்பு இ7 சிப்பாயால் அதை வெட்டியே ஆக வேண்டும், வெட்டினார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டி5-இல் கறுப்பு மந்திரி நிற்கிறது, எஃப்4 குதிரையால் அதைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். எவருடைய கையும் இயல்பாக அங்கேதான் போகும். அப்படி வெட்டினால் வெள்ளை தோற்றுவிடும். இ8-இலுள்ள கறுப்பு யானை இ1-க்கு இறங்கி செக் சொல்லும், ஹெச்1 யானை அதை வெட்டும், ஏ5 ராணி மூலைவிட்டத்தில் பாய்ந்து இ1-ஐ வெட்டி வெள்ளை ராஜாவுக்கே செக்மேட் சொல்லிவிடும். சி3 குதிரையும் டி2 ராணியும் இடம்பெயர்ந்துவிட்டதால் அந்த மூலைவிட்டம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. இரண்டு சிப்பாய்களைக் கொடுத்து இவ்வளவு நுணுக்கமாக நடத்திய தாக்குதல், ஒரேயொரு இயல்பான நகர்வால் தலைகீழாகியிருக்கும். டிராகன் கூர்மையானது என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கார்போவ் முதலில் ராணியால் ஹெச்7-ஐ வெட்டி செக் சொன்னார். ராஜா எஃப்8-க்குப் போனது. ராணி ஹெச்8-இல் மீண்டும் செக். ராஜா இ7-க்கு ஓடினால், இப்போது எஃப்4 குதிரை டி5 மந்திரியை வெட்டும்போது அதுவும் ஒரு செக்காகவே அமையும், ஆகவே இ1-க்கு யானையை இறக்கக் கறுப்புக்கு நேரம் கிடைக்காது. கறுப்பு ராணி அந்தக் குதிரையை வெட்டினால், வெள்ளை யானை இ1-இலிருந்து செக் சொல்லும், கறுப்பு தன் யானையையோ ராணியையோ இழக்க வேண்டும். 27-ஆவது நகர்வுடன் கோர்ச்னாய் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் டிராகனைக் கைவிட்டுவிட வேண்டுமா என்று கேட்கலாம். கறுப்புக்காக ஆடுபவர்கள் கண்டுபிடித்த பதில்களுள் ஒன்றை நம்மவர் ஒருவரே எதிர்கொள்ள நேர்ந்தது. 1995-இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில், உலக சாம்பியன் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்தும் கேரி காஸ்பரோவும் ஆடினார்கள். முதல் எட்டு ஆட்டங்களும் டிராவாகின, ஒன்பதாவதை ஆனந்த் வென்றார், பத்தாவதைக் காஸ்பரோவ் வென்றார். சமநிலையில் தொடங்கிய 11-ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் கறுப்புக் காய்களுடன் டிராகனை ஆடினார். ஆனந்த் ஹெச்4 என்று சிப்பாயைத் தள்ளியவுடன், காஸ்பரோவ் தன் ஹெச் சிப்பாயை ஹெச்5-இல் வைத்து வழியை மறித்தார். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஆண்ட்ரூ சோல்டிஸின் பெயரால் அறியப்படும் முறை இது. கார்போவ் ஒரு சிப்பாயைக் கொடுத்து எந்த நெடுவரிசையைத் திறந்தாரோ, அது இங்கே தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. அதன்பின் ராஜாவைச் சுற்றிய தாக்குதலுக்கே இடமில்லாமல், 20-ஆவது நகர்வுக்குள் இரு ராணிகளும் பலகையை விட்டு நீங்கின.

ராணிகள் இல்லாத அந்த அமைதியிலும் டிராகனின் பழைய சொத்தான சி நெடுவரிசை கறுப்பிடமே இருந்தது. இரண்டு யானைகளும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 28-ஆவது நகர்வில் ஆனந்த் தன் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை பி4-க்குத் தள்ளினார், அது பிழையாயிற்று. ஏ நெடுவரிசைச் சிப்பாய்கள் மறைந்தன, கறுப்பு யானை சி4-க்கு வந்து பி4 சிப்பாயைக் குறிவைத்தது. ஆனந்தின் குதிரை டி5-இலிருந்து பி6-க்குப் போய் அந்த யானையைத் தாக்கியது. ஆனால் இ6-இலிருந்த கறுப்பு மந்திரியின் பாதையை அதுவரை அடைத்து நின்றதும் அதே குதிரைதான். காஸ்பரோவின் யானை பி4-ஐ வெட்டி செக் சொன்னது, ராஜா ஏ3-க்கு ஏறியது, மற்றொரு யானை சி2-ஐ வெட்டியது. அதை வெள்ளை யானை வெட்டினால், கறுப்பின் பி4 யானை பி3-இல் செக் சொல்லும், ராஜா ஏ2-க்குப் போக, அந்த யானை இ3-க்கு விலகும்போது மந்திரியின் செக் திறந்துகொள்ளும், கூடவே இ1-இலுள்ள வெள்ளை யானையும் பறிபோகும். ஆனந்த் அத்துடன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இதைப் பயில விரும்புபவர்கள் முழு ஆட்டங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கார்போவ் ஜி4 ஆடி, கறுப்புக் குதிரை எஃப்6-க்குத் திரும்பிய நிலையைப் பலகையில் அடுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கம் ஒரு நண்பரை அமர்த்தி, இ2-க்குக் குதிரையைப் பின்வாங்காமல் வேறெதையாவது ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு யானை சி3-ஐ வெட்டும் நேரம் வரும்போது பி2 சிப்பாய் என்ன பாடுபடுகிறது என்பதை இருவரும் நேரிலேயே காணலாம். பிறகு பக்கம் மாறி உட்கார்ந்து, எஃப்6 குதிரையை எத்தனை நகர்வுகள் அதன் கட்டத்திலேயே காப்பாற்ற முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.